வைத்தமாநிதியும் வழியில் நின்ற பெண்பிள்ளையும்

பொருநை என்னும் தாமிரபரணியின் இரு கரைகளிலும் எம்பெருமான் கோயில் கொண்டருளும் திவ்யதேசங்கள் ஒன்பதும் நவதிருப்பதி என்று பெரியோரால் கொண்டாடப்படுகின்றன. தூத்துக்குடி மாவட்டத்தில், முத்தும் சங்கும் விளையும் கடலுக்கு அணித்தாக, ஸ்ரீவைகுண்டம் தொடங்கி ஆழ்வார்திருநகரி ஈறாக இவை அமைந்துள்ளன. வைகாசி விசாக உத்ஸவத்தின் ஐந்தாம் திருநாளில் ஒன்பது எம்பெருமான்களும் கருட வாகனத்தில் ஆழ்வார்திருநகரியில் எழுந்தருளி நம்மாழ்வாருக்கு ஸேவை ஸாதிக்கும் காட்சியைக் காணத் திரளும் ஸேவார்த்திகள் பல்லாயிரவர்.

அந்த ஸேவையைக் கண்ணாரக் கண்டு ஊர் திரும்பும் ஒருவரை, "உத்ஸவம் எப்படி நடந்தது?" என்று வீட்டார் வினவினால், அவர் வாயில் முதலில் வருவது எது? கூட்டத்தில் காலை மிதித்தவனைச் சொல்கிறார். இளநீருக்கு இரட்டிப்பு விலை கேட்ட கடைக்காரனைச் சொல்கிறார். பேருந்தில் இடம் விடாதவனைச் சொல்கிறார். நெரிசலில் தடுமாறியபோது தோளைத் தாங்கிப் பிடித்த கை யாருடையது என்பது அவருக்கு நினைவில்லை. இரவெல்லாம் திருவீதியில் எம்பெருமானைத் தோளில் எழுந்தருளப்பண்ணிய ஸ்ரீபாதம் தாங்கிகளுள் ஒருவர் முகமும் நினைவில்லை. பெருமாளைக் கண்ட கண், பெருமாளைச் சுமந்தவரைக் காணாமல் திரும்பிவிடுகிறது.

இக்குறை சிறிதன்று. அதற்குரிய மருந்தை நெடுந்தூரம் சென்று தேடவும் வேண்டியதில்லை. நவதிருப்பதிகளுள் ஒன்றான திருக்கோளூரிலேயே அது வைக்கப்பட்டிருக்கிறது.

அநஸூயை என்னும் ஆத்மகுணம்

கௌதம தர்மஸூத்ரம் ஒருவனுக்குரிய நாற்பது ஸம்ஸ்காரங்களை எண்ணிச் சொல்லி, அவற்றின் பின்னர் எட்டு ஆத்மகுணங்களையும் எண்ணுகிறது. தயை, க்ஷாந்தி, அநஸூயை, சௌசம், அநாயாஸம், மங்களம், அகார்ப்பண்யம், அஸ்ப்ருஹை என்பன அவை. நாற்பது ஸம்ஸ்காரங்களையும் குறைவறப் பெற்றிருந்தும் இவ்வெட்டுக் குணங்கள் இல்லாதவன் பரமபதப் பேற்றை அடையான் என்பதும், ஸம்ஸ்காரங்களுள் சிலவே பெற்றிருந்தாலும் இக்குணங்கள் உடையவன் அடைவான் என்பதும் அந்நூலின் துணிபு. சடங்கினும் குணமே மேம்பட்டது என்று சடங்குகளை விதிக்கும் நூலே கூறுவது ஈண்டு நோக்கத்தக்கது.

அவ்வெட்டனுள் மூன்றாவதாகிய அநஸூயையே இங்கு எடுத்துக்கொண்ட பொருள். அஸூயையை வெறும் பொறாமை என்று கொள்வது முழுப் பொருளாகாது. பிறரிடத்தில் உள்ள குணத்தின்மேல் குற்றத்தை ஏற்றிக் காண்பதே அஸூயை. ஒருவன் கொடுத்தால், "பெயருக்காகக் கொடுக்கிறான்" என்பது அது. ஒருவன் பொறுத்தால், "திராணியில்லாமல் பொறுக்கிறான்" என்பது அது. ஒருத்தி அதிகாலையில் எழுந்து கோயில் வாசலைப் பெருக்கிக் கோலமிட்டால், "அவளுக்கு வேறு வேலை இல்லை" என்பதும் அதுவே.

இதற்கு எதிரான அநஸூயையை விளக்கப் புகுந்த ஸ்ம்ருதிகாரர்கள் மூன்று இலக்கணங்களைக் கூறுவர். குணமுடையவனின் குணத்தைக் குறைத்துப் பேசாமை ஒன்று. சிறிதளவே குணமுடையவனையும் அச்சிறு குணத்துக்காகப் புகழ்தல் இரண்டாவது. பிறர் குற்றத்தில் இன்பம் கொள்ளாமை மூன்றாவது. இவற்றுள் நடுவணதாகிய இரண்டாம் இலக்கணமே அரிது. தூற்றாமல் இருப்பது பலர்க்கும் கைகூடும். சிறு நன்மையைத் தேடிக் கண்டு வாய்விட்டுப் புகழ்வது சிலர்க்கே கைகூடும்.

பகவத்கீதையின் ஒன்பதாம் அத்தியாயத்தில் ராஜவித்யையை உபதேசிக்கத் தொடங்கும் கண்ணபிரான், அதனைக் கேட்பதற்கு அர்ஜுனனிடத்தில் உள்ள தகுதியாக எடுத்துக் கூறுவது, அவன் அஸூயை அற்றவன் என்னும் ஒன்றையே. வில்லாண்மையும் குலப்பெருமையும் அவ்விடத்தில் பேசப்படவில்லை. எதிரே நிற்பவன் தன் தேரோட்டியாக அமர்ந்தவன். குதிரைக்கு நீர் காட்டியவன். அவனிடத்தில் பரத்வத்தைக் காணும் கண் அர்ஜுனனுக்கு இருந்தமையாலன்றோ கீதை உலகுக்குக் கிடைத்தது!

மதுரகவிகள் கண்ட பொருள்

தாமிரபரணியின் தென்கரையில் உள்ள திருக்கோளூர் மதுரகவியாழ்வாரின் அவதார ஸ்தலம். அந்தணர் குலத்தில் பிறந்து, வேதசாஸ்திரங்களைக் கற்று, வயதிலும் முதிர்ந்தவர் அவர். வடநாட்டு யாத்திரையில் அயோத்தியில் இருந்தபோது தென்திசையில் ஒரு பேரொளியைக் கண்டு, அதனையே வழிகாட்டியாகக் கொண்டு நடந்து, குருகூர்த் திருப்புளியடியை அடைந்தார் என்பது குருபரம்பரை வரலாறு.

அங்கே அவர் கண்டது தம்மினும் இளையவரான ஒருவரை. வேளாளர் குலத்தில் அவதரித்துப் பேசாமல் அமர்ந்திருந்தவரை. கற்றவர் எவரும் அத்தகைய ஒருவரைக் கண்டால் ஒரு கணம் நின்று பார்த்துவிட்டுப் போயிருப்பர். மதுரகவிகள் போகவில்லை. வினாவி விடை பெற்றார்; அவ்விடையில் அடங்கியிருந்த ஞானத்தை உணர்ந்தார்; வயது, கல்வி, குலம் ஆகிய மூன்று மேட்டிமைகளையும் அத்திருப்புளியடியிலேயே இறக்கிவைத்து, நம்மாழ்வாரையே ஆசார்யனாகப் பற்றினார். பதினொரு பாசுரங்கள் கொண்ட ஒரே பிரபந்தத்தை அருளிச்செய்த அவர், அதனையும் ஆழ்வார் திறத்திலேயே அமைத்தார். பின்னாளில் நாதமுனிகள் திவ்யப்பிரபந்தத்தை மீண்டும் பெறுவதற்கு அப்பதினொரு பாசுரங்களின் அநுஸந்தானமே வாயிலாயிற்று.

சொந்த ஊர் எல்லைக்கு மிக அருகில் இருந்த பெருமையைக் காண அவர் அயோத்தி வரை சென்று திரும்ப வேண்டியிருந்தது என்பதும் சிந்திக்கத்தக்கது. திருக்கோளூரிலிருந்து ஆழ்வார்திருநகரி சில கிலோமீட்டர்த் தொலைவே. அயலில் இருப்பவரின் பெருமை, அயலில் இருப்பதாலேயே கண்ணுக்குப் புலப்படுவதில்லை.

ஊரைவிட்டுப் புறப்பட்டவள்

அதே திருக்கோளூருக்கு ஒரு காலத்தில் பகவத் ராமாநுஜர் எழுந்தருளினார். ஊரின் எல்லையில் ஒரு பெண்பிள்ளை எதிரே வந்தாள். சுமையோடு ஊரைவிட்டுப் புறப்பட்டுக்கொண்டிருந்தாள். எல்லோரும் வந்து புகவேண்டிய ஊராக ஆழ்வார் பாடிய திவ்யதேசத்தைவிட்டு ஒருத்தி வெளியே செல்வது உடையவருக்கு வியப்பாயிற்று. காரணம் கேட்டார்.

அவள் மறுமொழியாக எண்பத்தொரு வார்த்தைகளை விண்ணப்பம் செய்தாள். ஒவ்வொரு வார்த்தையிலும் ஓர் அடியாரையும் அவர் செய்த ஒரு செயலையும் குறித்து, அத்தகைய செயல் ஒன்றையேனும் தான் செய்ததுண்டோ என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். இவ்வாறு எந்தத் தகுதியும் இல்லாத தான் இவ்வூரில் இருந்தால் என்ன, போனால் என்ன என்று கூறி முடித்தாள். இவ்வார்த்தைகளே திருக்கோளூர்ப் பெண்பிள்ளை ரஹஸ்யம் என்று பெயர் பெற்று இன்றளவும் ஸ்ரீவைஷ்ணவர்களால் அநுஸந்திக்கப்பட்டு வருகின்றன. அவளுடைய இயற்பெயர் எவருக்கும் தெரியாது. ஊரின் பெயரே அவள் பெயராயிற்று.

அவள் எண்ணிய அடியார்களின் வரிசையைப் பார்த்தால் வியப்பு மேலிடும். வஸிஷ்டரும் வால்மீகியும் அதில் உண்டு. இராமனைக் கங்கையின் அக்கரை சேர்த்த படகோட்டியாகிய குகனும் உண்டு. பொன்மலர் தூவிய அரசனினும் மேலாகத் தன் தொழில் மண்ணால் மலர் செய்து திருவேங்கடமுடையானுக்கு இட்ட குயவரும் உண்டு. மதுரைத் தெருவில் கண்ணனுக்குச் சந்தனம் கொடுத்த கூனியும், மாலை கொடுத்த பூக்காரரும், ஓடி ஒளிந்த கண்ணனைத் தாழியில் மறைத்துக் காத்த தயிர்க்காரரும் உண்டு. பறவையாகிய ஜடாயுவும், யானையாகிய கஜேந்திரனும் உண்டு. வீதியில் பெருமாள் எழுந்தருளியபோதும் ஆசார்யனுக்குக் காய்ச்சும் பால் பொங்கிவிடுமே என்று அடுப்படியை விட்டு நகராத வடுகநம்பியும் உண்டு.

இவ்வரிசையிலிருந்து கற்கத்தக்க பாடங்கள் நான்கு.

முதலாவது, அவள் எவரையும் பொதுச் சொல்லால் புகழவில்லை. "நல்லவர்", "பெரியவர்" என்று கூறி நிறுத்துவது எளிது. அதில் கண்டது ஒன்றும் இல்லை. அவளோ ஒருவருக்கு ஒரு செயல் என்று குறித்துச் சொன்னாள். குணத்தைக் கண்டவரே செயலைச் சொல்ல முடியும்.

இரண்டாவது, குலத்தையும் தொழிலையும் பார்த்து எவரையும் அவள் விலக்கவில்லை. முனிவருக்கு ஒரு வார்த்தை என்றால் குயவருக்கும் ஒரு வார்த்தை. பிராட்டிக்கு ஒரு வார்த்தை என்றால் கூனிக்கும் ஒரு வார்த்தை. அளவுகோல் ஒன்றே.

மூன்றாவது, முழு வாழ்க்கையும் குற்றமற்றதாக இருக்கவேண்டும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. பாவச்செயல்களில் மூழ்கியிருந்து, கோவிந்த என்னும் மூன்றெழுத்தைச் சொன்னதால் உய்ந்த க்ஷத்ரபந்துவும் அவள் வரிசையில் இருக்கிறான். பிணம் தின்னும் பிசாசாயிருந்து, தனக்கு உயர்ந்தது எதுவோ அதனையே கண்ணனுக்குப் படைத்த கண்டாகர்ணனும் இருக்கிறான். ஒரே ஒரு நற்செயல் போதும், அவள் நினைவில் இடம்பெற.

நான்காவது பாடமே மிகவும் ஆழ்ந்தது. எண்பது பேருக்கு மேற்பட்டவருடைய நன்மையைக் கண்ட அவள், ஒரே ஒருத்தியின் நன்மையைக் காணவில்லை. அந்த ஒருத்தி அவளேதான். ஓலைச்சுவடியும் பாடசாலையும் இல்லாமல், கேள்வியாலேயே இதிகாச புராணங்களையும் ஆசார்யர்களின் சரிதங்களையும் நெஞ்சில் நிறுத்தியிருந்த அவளிடம், "அம்மா, உன்னிடத்தில் உள்ளது பெரிய தனம்" என்று அதுவரை எவரும் கூறவில்லை போலும்! கூறியிருந்தால் அவள் மூட்டையைக் கட்டியிருக்கமாட்டாள்.

உடையவர் அவ்வழியே வந்தும், அவளை ஒரு சாதாரணப் பெண் என்று கருதி விலகி நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அவள் போயிருப்பாள். எண்பத்தொரு வார்த்தைகளும் அவளோடு போயிருக்கும். உடையவர் நின்றார், கேட்டார், வியந்தார். அவளைத் திரும்ப அழைத்துக்கொண்டு சென்று அவள் இல்லத்தில் அமுது செய்தருளினார் என்று பெரியோர் கூறுவர். வாயால் புகழ்ந்ததோடு அவர் அமையவில்லை. அவள் கையால் உண்டார். அவளிடத்தில் இருந்த பெருமை அவளுக்கே தெரியும்படி செய்தார்.

வைத்த நிதி எங்கே?

திருக்கோளூர் எம்பெருமானுக்கு வைத்தமாநிதி என்பது திருநாமம். வடமொழியில் நிக்ஷேபவித்தன் என்பர். நிக்ஷேபமாவது, நம்பிக்கையோடு ஒருவரிடத்தில் ஒப்படைத்து வைத்த பொருள். குபேரன் தன் குற்றத்தால் இழந்த நவநிதிகளும் இப்பெருமானை அடைந்து பாதுகாப்புப் பெற்றன என்றும், நிதியை அளக்கும் மரக்காலைத் தலைக்கு வைத்துப் பெருமான் பள்ளிகொண்டருள்கிறான் என்றும் ஸ்தலபுராணம் கூறும்.

குபேரனின் நிதியைக் காத்த அப்பெருமான், ஒவ்வொரு ஜீவனிடத்திலும் ஏதேனும் ஒரு நற்குணத்தை நிக்ஷேபமாக வைத்தே உலகுக்கு அனுப்புகிறான். ஒருவரிடத்தில் பொறுமை, ஒருவரிடத்தில் உழைப்பு, ஒருவரிடத்தில் சொன்ன சொல் தவறாமை. அந்நிதி அவரவர் நெற்றியில் எழுதி ஒட்டப்பட்டிருக்கவில்லை. பூமிக்குள் வைத்த புதையலைப் போல மறைந்திருக்கிறது. அதனைத் தோண்டிக் காண்பது அயலாரின் கடமை.

கடலோரத்துச் சான்று

நிதி மறைந்திருக்கும் தன்மையைக் காண்பதற்குத் தூத்துக்குடிக் கடலைவிடச் சிறந்த இடம் வேறு இல்லை. தாமிரபரணி கடலோடு கலக்கும் இடத்துக்கு அருகில் இருந்த கொற்கை, பாண்டியர்களின் பழந்துறைமுகம். இன்று கடல் விலகி, அது உள்நாட்டுச் சிற்றூராகிவிட்டது. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட ஒரு கடல்வழி நூல், கொற்கைக் கடலில் முத்தெடுத்தவர்கள் தண்டனை பெற்ற கைதிகள் என்று குறிப்பிடுகிறது. அரசர் முடியிலும் அயல்நாட்டுச் செல்வர் கழுத்திலும் ஏறிய முத்து, பெயர் தெரியாத ஒரு கைதி மூச்சையடக்கி எடுத்துக்கொடுத்தது!

பிற்காலங்களில் இக்கரையின் பரதவர்களும், கீழக்கரை முதலிய ஊர்களைச் சேர்ந்த இஸ்லாமியர்களும் இத்தொழிலில் தேர்ந்தவர்களாய் விளங்கினர். முத்துச்சிப்பிகள் விளையும் கடலடித் திட்டுகளைப் பார் என்பர். குளிப்பவர் கல்லின் கனத்தைத் துணைகொண்டு சுமார் ஐந்து முதல் பத்துப் பாகம் ஆழம் வரை இறங்குவார். ஏறத்தாழ ஒரு நிமிட நேரமே அவரால் அடியில் இருக்க முடியும். அதற்குள் கைக்கு அகப்பட்ட சிப்பிகளைப் பைவலையில் திரட்டிக்கொண்டு கயிற்றை அசைப்பார். படகில் இருப்பவர் அக்கணமே இழுக்கவேண்டும். கவனம் சிதறினால் ஓர் உயிர் போகும். ஆதலின் கயிறு பிடிக்கும் பொறுப்பை மனைவியின் உடன்பிறந்தானிடமே ஒப்படைப்பார்கள், தன் தமக்கையோ தங்கையோ தாலியிழப்பதை அவன் பொறான் என்று கடற்கரையில் சொல்வதுண்டு.

முத்தை எடுத்தவர் குளித்தவர் என்றே உலகம் பேசும். கயிற்றைப் பிடித்து நின்றவனை எவரும் பேசுவதில்லை. அவன் கையில் சிப்பி இல்லை. முகத்தில் உப்புநீர் இல்லை. அவன் செய்ததெல்லாம் பார்த்துக்கொண்டிருந்ததும், வேண்டிய கணத்தில் இழுத்ததுமே. ஒவ்வொருவர் வாழ்விலும் இத்தகைய கயிறு பிடித்தவர் சிலர் இருக்கிறார்கள். அவர்களை நினைத்துப் பார்த்தவர் எத்தனை பேர்?

எடுத்த சிப்பி அனைத்திலும் முத்து இருப்பதில்லை, பெரும்பாலானவற்றில் இல்லை. எந்தச் சிப்பியில் இருக்கிறது என்பது மேலோட்டைப் பார்த்தால் தெரியாது. ஆகையால் சிப்பிகளைக் கரையில் குவித்து, சதை அழுகும்வரை பல நாள் விட்டு, பின்னர்க் கழுவி அலசித் தேடுவார்கள். அந்நாட்களில் எழும் நாற்றம் பொறுத்தற்கரியது. நாற்றத்துக்கு மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடியவனுக்கு முத்து இல்லை. மனிதரிடத்தில் நன்மை தேடுவோருக்கும் இப்பொறுமை வேண்டும். கடுஞ்சொல்லும் முரட்டுத் தோற்றமும் மேலோடு. அதனைப் பொறுத்து அலசியவனுக்கே உள்ளிருக்கும் முத்து கிட்டும்.

1955 முதல் 1961 வரை தொடர்ந்து நடந்த முத்துக்குளிப்பே இக்கடலில் கடைசியானது. அதன்பின் இயற்கை முத்துக்காகக் குளிப்பது நின்றுபோயிற்று. 1973-ல் தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலைய விஞ்ஞானிகள் முத்துச்சிப்பியை வளர்த்து அதனுள் முத்தை விளைவித்துக் காட்டினர். சிப்பியின் உடலுக்குள் ஒரு சிறு மணியையும், வேறொரு சிப்பியின் மேலுறைச் சதைத் துணுக்கையும் வைத்துவிட்டால், அத்துணுக்கு வளர்ந்து மணியைச் சூழ்ந்து, படலத்தின்மேல் படலமாக ஒளிப்பூச்சைப் பூசி முத்தாக்குகிறது. மனித உள்ளத்தில் தக்க சமயத்தில் வைத்த ஒரு நற்சொல்லும் இத்தன்மையதே. "நீ நேர்மையானவன்" என்று ஒரு முறை மெய்யாகப் பாராட்டப்பட்ட சிறுவன், அச்சொல்லைச் சுற்றியே தன் வாழ்நாளைப் பூசி வளர்ப்பதும் உண்டு.

சந்நிதியில் முழங்கும் சங்கும் இக்கடலோரம் தந்ததே. முத்துக்குளிப்பு நின்றாலும் சங்குகுளிப்பு நிற்கவில்லை. ஸ்ரீபாஞ்சஜன்யத்தை நினைத்து ஸேவார்த்திகள் கைகூப்பும் அச்சங்கைக் கடலடியிலிருந்து எடுத்துவந்தவர், மாதா கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டுக் கடலுக்குப் போன பரதவராக இருக்கலாம். தொழுகை முடித்துப் போன இஸ்லாமியராக இருக்கலாம். பெருமாள் அச்சங்கை ஏற்றுக்கொண்டபோது எடுத்தவர் யார் என்று கேட்டு விலக்கவில்லை. மடைப்பள்ளியில் தளிகைக்குச் சேரும் உப்பும் அவ்வாறே. தூத்துக்குடி உப்பளங்களில், கண் கூசும் வெண்மையில், உச்சிவெயிலில், பாத்தியில் வெறுங்காலோடு நின்று வாரியவர் கையிலிருந்து அது வருகிறது. ப்ரஸாதத்தின் சுவையைப் புகழ்வோர், ஒரு கணம் அக்கைகளையும் நினைப்பது தகும்.

வெள்ளத்தில் வெளிப்பட்ட நிதி

பழங்காலத்தில் குகனும் சபரியும் இருந்தார்கள். இக்காலத்தில் எங்கே என்று கேட்போர் உண்டு. அவர்களுக்கு விடையாக, நவதிருப்பதிகளுள் முதலாவதாகிய ஸ்ரீவைகுண்டத்திலேயே ஒரு நிகழ்ச்சி நடந்தது.

2023-ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் பெருமழை கொட்டியது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை பதிவாயிற்று. தாமிரபரணி கரை புரண்டது. 17-ஆம் தேதி இரவு திருச்செந்தூரிலிருந்து சென்னை நோக்கிப் புறப்பட்ட செந்தூர் விரைவு ரயில் ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் நிறுத்தப்பட்டது. அதற்கு அப்பால் தண்டவாளத்தின் கீழிருந்த ஜல்லியையும் மண்ணையும் வெள்ளம் அரித்துச் சென்றிருந்தது. வண்டியைப் போகவிடாமல் நிறுத்திவைத்த ரயில்வே ஊழியரின் விழிப்பே சுமார் 800 பயணிகளின் உயிரைக் காத்தது. கயிறு பிடித்தவரின் விழிப்புக்கும் இதற்கும் வேறுபாடு உண்டோ?

பயணிகளில் ஒரு பகுதியினர் அருகிலுள்ள பள்ளிக்கூடத்துக்கு மாற்றப்பட, ஏறத்தாழ 500 பேர் நிலையத்திலேயே நீர் சூழ நின்றனர். சாலை இல்லை, மின்சாரம் இல்லை. குழந்தைகளும் முதியோரும் பசித்திருந்தனர். அருகிலிருந்த புதுக்குடிச் சிற்றூர் மக்கள், தம்மிடம் இருந்த அரிசியையும் பருப்பையும் திரட்டி, சமைத்து, அவர்களுக்கு உணவளித்தனர். கடைகளுக்குப் புதிய சரக்கு எப்போது வரும் என்று அறியாத நாளில், தம் வீட்டுப் பானையிலிருந்து எடுத்துக்கொடுத்தனர். 19-ஆம் தேதி மீட்புப் படையினர் வந்து பயணிகளை அழைத்துச் செல்லும்வரை அவ்வூரார் அவர்களைக் கைவிடவில்லை. மாவட்டத்தின் வேறிடங்களில் கடற்கரை மீனவர்கள் தம் படகுகளை ஊர்களுக்குள் கொண்டுவந்து, வெள்ளத்தில் அகப்பட்டோரை ஏற்றிச் சென்றனர். கங்கைக்கரையில் குகன் செய்தது இதுவன்றோ!

அந்த ரயிலில் சென்றவர்களுள் பலர், அதற்கு முன் எத்தனையோ முறை அவ்வூரைச் சன்னல் வழியே பார்த்துக்கொண்டு கடந்திருப்பர். அங்கே வசிப்போர் இத்தகையவர் என்று அறிந்திருக்கமாட்டார். வெள்ளம் வந்து அவர்களுக்கு நற்குணத்தை உண்டாக்கவில்லை. முன்பே இருந்த நிதி அன்று வெளிப்பட்டது. அதனைக் காண ஒரு வெள்ளம் வரவேண்டும் என்பது காண்பவரின் குறையேயன்றி அவ்வூராரின் குறையன்று.

பாராட்டின் எல்லைகள்

இவ்விடத்தில் ஓர் ஐயம் எழக்கூடும். எல்லோரிடமும் நன்மையையே காணவேண்டுமென்றால், தீமையைத் தீமை என்று சொல்லலாகாதோ எனின், அன்று. நல்லோரிடத்தில் முதிதை என்னும் மகிழ்ச்சியையும், தீச்செயலிடத்தில் உபேக்ஷையையும் யோகசாஸ்திரம் விதிக்கிறது. பொய்யைப் புகழ்வது முகஸ்துதி. அதனால் புகழ்ந்தவனும் கெடுவான், புகழப்பட்டவனும் கெடுவான். திருக்கோளூர்ப் பெண்பிள்ளை க்ஷத்ரபந்துவின் பாவங்களைப் புகழவில்லை. அவன் சொன்ன திருநாமத்தையே நினைத்தாள். குற்றத்தைக் குற்றமென்று அறிந்தும், குணத்தை மறவாதிருப்பதே அவள் காட்டிய நெறி.

வேறொன்றும் உண்டு. "உங்களைப் போல் உழைப்பவர் யார்!" என்று வாயால் புகழ்ந்துவிட்டு, உரிய கூலியில் குறைப்பது பாராட்டாகாது. அது அஸூயையினும் கொடியது. சுமை தூக்கியவருக்குப் பேசிய கூலியை முகம் கோணாமல் கொடுப்பதும், சமைத்துப் போட்டவளுக்கு முதலில் உணவு வைப்பதும், தெருவைத் துப்புரவு செய்பவருக்கு வெயில் நேரத்தில் ஒரு குவளை நீர் தருவதும் சொல்லினும் வலிய பாராட்டுக்கள். உடையவர் அப்பெண்பிள்ளையின் இல்லத்துக்கு நடந்து சென்றதை இங்கே நினைவுகொள்க.

ஸேவார்த்திகள் மேற்கொள்ளத்தக்க நியமம்

உத்ஸவத்துக்கு வருவோர் பலவகை நியமங்களை மேற்கொள்வது வழக்கம். அவற்றோடு எளிய நியமம் ஒன்றையும் சேர்த்துக்கொள்ளலாம். ஒன்பது திருப்பதிகளையும் ஸேவிக்கும்போது, ஒவ்வொரு திருப்பதியிலும் ஒருவரிடத்தில் ஒரு நற்செயலைக் கண்டு நெஞ்சில் குறித்துக்கொள்வது அது.

திருவீதியில் தீவட்டி பிடித்து முன்னே நடப்பவர், தம் முகத்தில் அனல் அடிக்கப் பெருமாள் திருமுகத்தைப் பிறருக்குக் காட்டுகிறார். மடப்பள்ளியில் புகைக்கு நடுவே தளிகை செய்பவர், உத்ஸவ ஸேவையைக் காணாமலே அதன் ப்ரஸாதத்தை ஆக்கிக்கொடுக்கிறார். நாதஸ்வரக்காரருக்கு அருகில் ஒத்து ஊதுபவர், தமக்கென்று ஒரு ராகமும் இல்லாமல் மற்றவர் ராகத்தைத் தாங்குகிறார். செருப்புக் காப்பவர், பேருந்து ஓட்டுநர், குழந்தையைத் தோளில் தூக்கிக் காட்டும் முன்பின் அறியாத ஒருவர் என்று ஒன்பது பேரைக் காண்பது அரிதன்று.

கண்டபின் மூன்று செய்க. இயலுமாயின் அவர் பெயரைக் கேட்டறிக; பெயர் சொல்லி அழைக்கப்படுவதே பலருக்குக் கிடைக்காத மரியாதை. அவர் செய்த செயலை அவரிடத்திலேயே, பிறர் கேட்க, ஒரு வாக்கியத்தில் சொல்க. வீடு திரும்பியபின், குறைகளைச் சொல்லத் தொடங்குமுன் இவ்வொன்பது பேரையும் குழந்தைகளுக்குச் சொல்க. எண்பத்தொரு வார்த்தைகளை நெஞ்சில் நிறுத்தியவள் பிறக்கும்போதே அவற்றை அறிந்து பிறந்தவளல்லள். யாரோ ஒரு தாயோ பாட்டியோ, பெரியோர் கூட்டமோ சொல்ல அவள் கேட்டிருக்கவேண்டும்.

இவ்வழக்கம் உத்ஸவத்தோடு முடியாமல் வீட்டுக்குள்ளும் வருமாயின் அதன் பயன் பெரிது. நாற்பது ஆண்டுகள் ஒரே அடுப்படியில் நின்ற மனைவியிடம், ஒரு நாளேனும் "உன்னால் இந்த வீடு நின்றது" என்று சொல்லாத கணவர் உண்டு. வயலிலும் உப்பளத்திலும் துறைமுகத்திலும் உழைத்துக் களைத்த தந்தையிடம் ஒரு நன்றிச் சொல்லும் கூறாத மக்கள் உண்டு. அவர்களும் ஒரு நாள், "நான் இருந்தால் என்ன, போனால் என்ன" என்று எண்ணித் தம் மூட்டையைக் கட்டிவிடக்கூடும். சிலர் ஊரைவிட்டுப் போவர். சிலர் இருந்த இடத்திலேயே மனத்தால் போய்விடுவர். அப்படிப் புறப்படுமுன் ஒருவரை வழியில் நிறுத்தி, "உம்மிடத்தில் உள்ளது பெருந்தனம்" என்று சொல்லித் திரும்ப அழைத்து வருவது, எம்பெருமான் வைத்த நிதியை அவன் வைத்த இடத்திலேயே காப்பதாகும். இதனினும் உயர்ந்த கைங்கர்யம் யாது?

மரக்காலைத் தலைக்கு வைத்துப் பள்ளிகொண்டருளும் வைத்தமாநிதிப் பெருமான், கோளூர்வல்லித் தாயாரோடும், மதுரகவிகளோடும், பெயர் தெரியாத அப்பெண்பிள்ளையோடும் கூடி, உத்ஸவத்துக்கு எழுந்தருளும் ஸேவார்த்திகள் அனைவர்க்கும் அயலாரின் குணம் காணும் கண்ணையும், கண்டதைச் சொல்லும் நாவையும் அளித்து அருள்புரிவானாக.

சுபமஸ்து.